கடுங்குளிர் தாங்கும் கலன்

ஆனித் திங்களில் சாரல் தொடங்கியதும் தென்காசி வழியே குற்றாலம் செல்வோர், அருவி நீரின் குளிர்ச்சிக்கே பல் கிட்ட நிற்பதுண்டு. அருவிகளைத் தரும் அதே மலைத்தொடர் தெற்கே நீண்டு மகேந்திரகிரியை அடைகிறது. அதன் அடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது. அங்குக் கையாளப்படும் நீர்ம ஹைட்ரஜனின் வெப்பநிலை −253 பாகை செல்சியஸ். நீர்ம ஆக்சிஜனின் வெப்பநிலை −183 பாகை. இவற்றை எதில் அடைத்து வைப்பது?

சாதாரண எஃகு இக்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. அலுமினியம் அவ்வாறன்று, குளிரக் குளிர அதன் வலிமை கூடுகிறது, நெகிழ்வும் பெரிதும் குன்றுவதில்லை. அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆனால் தூய அலுமினியம் மிக மென்மையானது. ஆகவே நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் செம்பு சேர்த்த 2219 என்னும் உலோகக்கலவை பயன்படுகிறது. அதனைச் சூடாக்கி, விரைவாகக் குளிர்வித்து, பின்னர் மிதமான வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால், செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து உலோகத்தின் உள்ளமைப்பு நழுவாமல் தடுக்கிறது. இவ்வாறு அலுமினியக் கலவை நாள்பட இறுகுவதை 1906இல் ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் கண்டறிந்தார்.

கலனின் சுவர் எவ்வளவு தடிமன் இருக்கவேண்டும்? அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, தாங்கத்தக்க தகைவால் வகுத்தால் விடை கிட்டும். ஆரம் 2 மீட்டர், அழுத்தம் 3 வளிமண்டல அளவு, தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் எனக் கொண்டால் 3 மில்லிமீட்டரே போதும்! நான்கு மீட்டர் அகலமுள்ள கலனுக்கு இச்சுவர் வியப்பூட்டும் அளவுக்கு மெல்லியது. உருளையின் சுற்றுப்புறத் தகைவு நீளவாட்டுத் தகைவைப்போல் இரு மடங்கு. அதனால்தான் அழுத்தம் மிகும்போது குழாய்கள் பெரும்பாலும் நீளவாக்கில் பிளக்கின்றன. எஃகுச் சுவரை இன்னும் மெலிதாக்கலாமே எனத் தோன்றலாம். அவ்வாறு மெலிந்த தகடு மேலிருந்து அழுத்தும் சுமையில் எளிதில் நசுங்கிவிடும். அதே எடையில் அலுமினியச் சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்திருப்பதால் வளையாது நிற்கிறது.

கலனின் நலிந்த இடம் பற்றவைப்பே. பற்றவைக்கும் வெப்பம் முன்னர்ச் செய்த பதப்படுத்தலைக் குலைப்பதால், அவ்விளிம்புகள் மட்டும் தடிமனாக விடப்படுகின்றன. ஒவ்வோர் இணைப்பும் ஊடுகதிரால் சோதிக்கப்படுகிறது. ஊர்தியின் இறுதிக் கட்டத்தில் மிகும் ஒவ்வொரு கிலோகிராமும் செயற்கைக்கோளின் எடையில் ஏறத்தாழ ஒரு கிலோகிராமைப் பறித்துக்கொள்ளும். எனவே வேண்டாத தடிமனுக்கு அங்கு இடமில்லை.

சி25 எனப்படும் கடுங்குளிர்க் கட்டம் 2017 பிப்ரவரி 17 அன்று மகேந்திரகிரியில் 640 நொடிகள் எரிந்து சோதனையில் வென்றது. அவ்வாண்டு ஜூன் 5 அன்று அதே வகைக் கட்டம், 3,136 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-19 செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமந்து சென்றது.