ஜீன்களுக்கும் சுவிட்சு உண்டு!

மாலை நேரத்தில் குன்னூரிலிருந்து உதகைக்குப் பஸ்ஸில் சென்றிருக்கிறீர்களா? தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். எல்லா அறைகளுக்கும் மின்கம்பி செல்கிறது; ஆனால் சுவிட்சு போட்ட அறையில்தான் வெளிச்சம். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு, ஜீன்களைப் பற்றிப் படிக்கும்போது இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

நம் உடலின் அநேகமாக எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன் தொகுதிதான் உள்ளது. இரத்தத்திற்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கான ஜீன்கள் தோல் செல்லிலும் இருக்கின்றன. ஆயினும் எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுக்களாக வளரும் செல்களில்தான் அவை வேலை செய்கின்றன. மற்ற இடங்களில் அணைந்து கிடக்கின்றன.

இடத்தைப் பொறுத்து மட்டுமல்ல, வயதைப் பொறுத்தும் சுவிட்சு மாறும். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதி இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. தாயின் வயிற்றில் வளரும் சிசுவிடம் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா சங்கிலி இருக்கும். இது ஆக்சிஜனை அதிக இறுக்கமாகப் பற்றும். அதனால் தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பெற முடிகிறது. பிறந்த பிறகு சில மாதங்களில் காமா ஜீன் பெரும்பாலும் அணைகிறது. பீட்டா ஜீன் முழு வேகத்தில் இயங்குகிறது. அணைந்த ஜீன் அழிந்துவிடுவதில்லை. 11ஆம் குரோமோசோமில் பீட்டா ஜீனுக்கு அருகிலேயே ஆயுள் முழுவதும் இருக்கிறது.

இதற்கும் நீலகிரிக்கும் என்ன தொடர்பு?

1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், நீலகிரிப் பழங்குடி மக்கள் சிலரின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். காரணம், பீட்டா ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான்! பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் 6ஆவது மட்டும் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதில் வாலின் ஆகிவிடுகிறது. இத்தகைய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஆக்சிஜனை இழந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. செல் வளைகிறது, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. தாங்க முடியாத வலியும் சோகையும் உண்டாகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த ஜீனைப் பெற்ற குழந்தைக்கே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமாகவே இருப்பார்.

இப்போது சற்றுச் சிந்தியுங்கள். இந்த ஜீனோடு பிறந்த குழந்தை முதல் சில மாதங்கள் நோயின்றி இருக்கிறதே, ஏன்? சிசுவின் ஹீமோகுளோபின் இன்னும் இரத்தத்தில் இருப்பதால்தான் என்று 1948இலேயே ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கருதினார். அப்படியானால், அணைந்த காமா ஜீனை மீண்டும் இயக்கினால் நோய் தணியுமல்லவா?

அதை அணைத்து வைப்பது பி.சி.எல்.11ஏ என்னும் புரதம் என்பதை 2008இல் ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினர். 2023 நவம்பரில் பிரிட்டன் ஒரு புதிய சிகிச்சையை அனுமதித்தது. நோயாளியின் மூலச்செல்களை வெளியே எடுத்து, சிவப்பணு வரிசையில் அந்தப் புரதத்தை உண்டாக்கத் தூண்டும் டி.என்.ஏ. பகுதியை கிரிஸ்பர் முறையில் வெட்டி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். பிழையான பீட்டா ஜீனை அவர்கள் தொடுவதே இல்லை! காமா ஜீன் மீண்டும் விழித்துக்கொள்கிறது.

ஆனால் அமெரிக்காவில் இதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். கூடலூர் மலைக்கிராமத்துக் குழந்தைக்கு அது எட்டாத தூரம். அதுவரை உதவுவது ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து. இதுவும் பலருக்குச் சிசு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது; வலியைக் குறைக்கிறது. மருந்து கொடுக்க வேண்டுமானால் முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். அதற்கென 2023 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய இயக்கத்தில், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிடப்பட்டது. உங்கள் பள்ளிக்கு இந்த இரத்தப் பரிசோதனை வந்தால், அஞ்சாமல் கையை நீட்டுங்கள்; தயங்கும் நண்பருக்குக் காரணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள்.