உப்புச் சிரட்டையும் பிள்ளையின் மூளையும்

பரீட்சை நெருங்கினால் இலங்கை மலையகத்தின் பெரகலயைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் வல்லாரைக்கு மவுசு கூடும். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போட்டு, "சாப்பிடு, ஞாபகசக்தி வரும்" என்பார்கள் அம்மாமார். நல்ல கீரைதான், சாப்பிடட்டும். ஆனால் அது நினைவாற்றலைக் கூட்டுகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இன்னும் இல்லை. அதே அடுப்படியில் சிரட்டையில் கிடக்கிற உப்பின் கதை வேறு.

அந்த உப்பில் கலந்திருக்கும் அயோடினை, தொண்டையின் முன்புறமுள்ள தைராய்டுச் சுரப்பி இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சிறு சுரப்பி. தைரொக்சின் என்னும் ஹோர்மோனை அது செய்கிறது. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள். 1914 நத்தார் நாளில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் இதைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். மூளைக்குள் அந்த நான்கில் ஓர் அயோடின் அணு கழன்றதும் தைரொக்சின் வேலையில் இறங்குகிறது. நரம்புக் கலங்கள் தத்தம் இடத்துக்கு நகர்வதற்கும், கிளை விடுவதற்கும், மேலுறை போர்த்திக்கொள்வதற்கும் அது வேண்டும்.

வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஏறத்தாழ முதல் மூன்று மாதமும் சொந்தத் தைரொக்சின் கிடையாது; தாயிடமிருந்து வருவதுதான். பிள்ளை தங்கியிருப்பதே தெரியாமல் தாய் கொழுந்துக் கூடையோடு மலையேறும் வாரங்கள் அவை. அப்போது அயோடின் கடுமையாகக் குறைந்தால், அந்த இழப்பைப் பிற்பாடு எந்தக் கீரையும் மாத்திரையும் முழுதாக ஈடுகட்டாது. இதைத்தான் ஒவ்வொரு லயத்திலும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்குத் தைரொக்சின் குறைந்தால் மறதி, மந்தம், ஓயாத சோர்வு. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையால் பெரும்பாலும் சீராகும்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250. ஆயுள் முழுவதற்கும் கூட்டினாலும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வராது. இலங்கையில் உணவு உப்புடன் அயோடின் சேர்ப்பது 1995இல் சட்டமாயிற்று. ஆகவே உப்பைக் கூடுதலாக அள்ளிப்போட வேண்டாம், பிரஷர் ஏறும். வழக்கமாகப் போடுவதே போதும், அதில் அயோடின் மிஞ்சியிருந்தால்.

பெரகலயில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும். திறந்த சிரட்டையில் உப்பு நீர்விட்டுக் கசியும். அந்த நீரோடு அயோடினும் வடியும். அடுப்பு வெக்கையும் அதைக் குறைக்கும். மூடியுள்ள போத்தலில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கறியை இறக்குகிற நேரத்தில் உப்புச் சேருங்கள்.