முதியோர் குடியிருப்பில் வீடு: யாருக்கு வாடகைக்கு விடுவது?

பெங்களூரை ஓய்வூதியர்களின் சொர்க்கம் என்று சொல்லிவந்த காலம் ஒன்று உண்டு. மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் தோட்டத்தோடு கூடிய வீடு கட்டிக்கொண்டு, பென்ஷன் பணத்தில் நிம்மதியாகக் காலம் கழித்தவர்களில் நம்மவர்களும் கணிசமாக இருந்தார்கள். இன்று அந்த வீடுகள் பலவும் அடுக்குமாடிகளாகிவிட்டன. முதியவர்களுக்கென்றே கட்டப்படும் குடியிருப்புகள் ஒயிட்ஃபீல்டு, கனகபுரா சாலை, தேவனஹள்ளி என்று ஊரின் ஓரங்களில் எழுந்துள்ளன.

அங்கே வீடு வாங்கிய எல்லோரும் குடிபோய்விடவில்லை. பிற்காலத்துக்கு உதவும் என்று முன்கூட்டியே வாங்கியவர்கள் உண்டு; பெற்றோருக்காக வாங்கி, அவர்கள் காலமான பிறகு பூட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. பூட்டியே கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் மாதம் தவறாமல் கட்டத்தான் வேண்டும். ஆகவே வாடகைக்கு விடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சாதாரண வீட்டுக்கு ஆள் பார்ப்பதுபோல இதற்குப் பார்க்க முடியாது.

சாதாரண வீட்டுக்கு வருபவரிடம் எங்கே வேலை, என்ன சம்பளம் என்று கேட்கிறோம். இங்கே வருபவருக்கு எழுபத்தைந்து வயது. கும்பகோணத்து வீட்டை விட்டு, மகன் வேலை பார்க்கும் ஊரிலேயே இருப்போம் என்று மனைவியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகையைக் கட்டப்போவது பெரியவரின் பென்ஷனா, மகனின் சம்பளமா? மகன்தான் என்றால் ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்திட வேண்டும். குடியிருக்கப் போகிற இருவரின் பெயரையும் தனியே குறிப்பிட வேண்டும். பெரியவரின் கையெழுத்து மட்டும் இருந்தால், நாளை பணம் நின்றுபோகும்போது எண்பது வயதுக்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். எந்த வீட்டுக்காரருக்கு அதற்கு மனம் வரும்?

வாடகையோடு உணவு, துப்புரவு, மருத்துவ உதவி ஆகியவற்றின் கட்டணமும் இருக்கிறது. அதைக் குடித்தனக்காரர் நேரே நிர்வாகத்துக்குக் கட்டுவதாக இருந்தாலும், பாக்கி விழுந்தால் நிர்வாகம் தேடுவது வீட்டுச் சொந்தக்காரரைத்தான். அந்தத் தொகையையும் சேர்த்துச் சொல்லி, "மாதம் இவ்வளவு ஆகும்" என்று முதல் நாளே கணக்கை வைத்துவிடுவது நல்லது. முன்பணம் வாங்குவதில் பெங்களூருக்குப் பத்து மாத வாடகை என்ற பழைய பழக்கம் உண்டு. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. ஆனால் மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் அது செல்லும். பென்ஷன்காரரிடம் பத்து மாதம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வயது விதியைப் பொறுத்தவரை, குடியிருப்பவரில் ஒருவராவது 55 அல்லது 60 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்று இத்தகைய இடங்கள் வைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டமே, நூற்றுக்கு எண்பது வீடுகளிலாவது 55 வயதானவர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. பெரியவர் பெயரில் வீட்டை எடுத்துக்கொண்டு பேரன் நிரந்தரமாக வந்து தங்குவதுதான் இங்கே சண்டைக்குக் காரணமாகும். விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்ற விதியை வருபவரிடம் படிக்கக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் சங்கடமானது உடல்நிலை பற்றிய கேள்வி. "உங்களுக்கு என்ன வியாதி?" என்று வீட்டுக்காரர் கேட்பது அநாகரிகம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் செய்யப்போவதும் ஒன்றுமில்லை. தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளக்கூடியவரா, துணை வேண்டியவரா என்று பார்ப்பதை நிர்வாகத்திடமும் மருத்துவரிடமும் விட்டுவிடலாம். நாம் கேட்க வேண்டியது வேறு: இரவு இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரை அழைப்பது? அரை மணியிலோ ஒரு மணியிலோ வந்து சேரக்கூடியவர் இந்த ஊரில் யார்? சியாட்டிலில் இருக்கும் மகளின் எண் மட்டும் போதாது. இந்தக் கேள்விக்குத் தடுமாறும் குடும்பத்துக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சற்று யோசித்துத்தான் வீடு கொடுக்க வேண்டும்.

இன்னொரு வகை விசாரணையும் நடக்கிறது. எந்த ஊர், என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்பது அது. வெளியூரில் வீடு தேடிய நம்மவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்தாம். பார்சிகளுக்கு மட்டுமே என்று விதி வைத்திருந்த ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் உரிமையை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனாலும் பொதுச் சமையலறையில் முட்டை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவது வேறு, சாதியைத் துருவுவது வேறு. தனியாக வரும் கைம்பெண்ணைத் தயங்கித் திருப்பி அனுப்புவதும் இதைச் சேர்ந்ததே. உண்மையில் இத்தகைய இடம் அவருக்குத்தான் அதிகம் தேவை.

அடையாள அட்டை, பழைய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, காவல் நிலையத்தில் விவரம் கொடுப்பது ஆகியவை எல்லா வீடுகளுக்கும் உள்ளவை. ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல் போதும். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டுவாசி என்றால் ஒன்று கூடுதல்: வாடகை எவ்வளவு சிறியதானாலும் குடித்தனக்காரர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கு அது தொல்லை. முன்பே சொல்லிவிட வேண்டும்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்பது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்த வழக்கம். வயதானவர் வருடா வருடம் "காலி செய்யச் சொல்வார்களோ" என்று கவலைப்பட வைப்பதைவிட, செலவு ஆனாலும் மூன்று ஆண்டுக்குப் பதிவு செய்துவிடலாம். நிலைமை மாறித் துணை ஆள் வைக்க நேர்ந்தால் என்ன செய்வது, மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தால் வாடகை எப்படி, ஒருவர் காலமானால் மற்றவர் அதே வாடகையில் தொடரலாமா என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். இருவருமே இல்லாமல்போனால் சாமான்களை எடுக்க எத்தனை நாள் அவகாசம், முன்பணத்தை எந்தப் பிள்ளையிடம் கொடுப்பது என்பதையும் பெயரோடு எழுதுங்கள். எழுதும்போது பெரியவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளைகளைவிட அவர் தயங்காமல் பதில் சொல்லுவார்.