புராக்ஸ்மார்க்3 பலகைக்கு நாமே ஃபர்ம்வேர் கட்டுவோம்

உள்ளங்கையில் அடங்கும் புராக்ஸ்மார்க்3 பலகையை முதலில் வடிவமைத்தவர் ஜொனாதன் வெஸ்ட்யூஸ். 125 கிலோஹெர்ட்ஸ், 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளிலும் ஆர்எஃப்ஐடி சில்லுகளைப் படிக்கவும் எழுதவும் இதனால் முடியும். புதிதாக வாங்கும் பலகையில் ஏதோ ஒரு ஃபர்ம்வேர் ஏற்கெனவே இருக்கும், பெரும்பாலும் பழையது. அதை வைத்து வேலையைத் தொடங்க வேண்டாம். கணினியில் ஓடும் கிளையன்ட்டும் பலகையில் ஓடும் ஃபர்ம்வேரும் ஒரே மூலநிரலிலிருந்து கட்டப்பட்டிருந்தால்தான் இரண்டும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளும்.

உபுண்டு கணினியில் கிட், பில்ட்-எசென்ஷியல், ஆர்ம் சில்லுக்கான ஜிசிசி, நியூலிப், ரீட்லைன் ஆகியவற்றை நிறுவுங்கள். அடுத்து, மோடம்மேனேஜர் என்ற சேவையை நீக்குங்கள், அல்லது முடக்குங்கள். யுஎஸ்பியில் புதிய சீரியல் கருவி எதைக் கண்டாலும் அதை மோடம் என்று எண்ணிக் கட்டளை அனுப்பிப் பார்ப்பது அதன் வழக்கம். ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது குறுக்கிட்டால் பலகை செத்துப்போகலாம். பலரும் தாண்டிப்போகும் படி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஆர்எஃப்ஐடி ரிசர்ச் குரூப்பின் மூலநிரலை கிட்ஹப்பிலிருந்து இறக்குங்கள். மேக்ஃபைல் பிளாட்ஃபார்ம் மாதிரிக் கோப்பை, பெயரிலுள்ள ‘சாம்பிள்’ ஒட்டை நீக்கி நகலெடுத்து, அதில் உங்கள் பலகையின் வகையைக் குறியுங்கள். எதையும் மாற்றாவிட்டால் ஆர்டிவி4 வகைக்கே ஃபர்ம்வேர் தயாராகும். மலிவான ‘ஈஸி’ பலகை வைத்திருப்பவர்கள் ‘ஜெனரிக்’ என்று மாற்ற வேண்டும். நினைவகம் 512 கேபியா, 256 கேபியா என்பதையும் பாருங்கள். 256 என்றால் சில வசதிகளைக் கழித்தால்தான் கோப்பு உள்ளே அடங்கும்.

பிறகு ‘மேக்’ கட்டளை. இதில் கிளையன்ட், பூட்ராம், ஃபுல்இமேஜ் மூன்றும் உருவாகும். ஃபுல்இமேஜுக்குள் ஆர்ம் செயலிக்கான நிரலோடு எஃப்பிஜிஏ சில்லுக்கான பிட்ஸ்ட்ரீம்களும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையை நேரடியாகக் கையாளும் வேகம் அந்த ஆர்ம் செயலிக்குக் கிடையாது. அலையைப் பிரித்தெடுப்பது எஃப்பிஜிஏ, பொருள் காண்பது ஆர்ம். இந்த வேலைப் பங்கீடுதான் இக்கருவியின் உயிர். அதனால்தான் ஃபர்ம்வேரை மாற்றியே புதிய சில்லு வகைகளை இதற்குப் பழக்க முடிகிறது.

ஏற்றும்போது முதலில் பூட்ராம், பிறகு ஃபுல்இமேஜ். ஃபுல்இமேஜ் பாதியில் நின்றாலும் பயமில்லை: பொத்தானை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பியைச் செருகினால் பூட்ராமில் இருக்கும் பூட்லோடர் விழித்துக்கொள்ளும், மீண்டும் ஏற்றலாம். பூட்ராமே கெட்டால் ஜேடேக் கருவி இல்லாமல் மீட்க வழியில்லை. ஆகவே பூட்ராம் ஏறும் சில நொடிகள் கேபிளைத் தொடாதீர்கள்.

கிளையன்ட்டைத் திறந்து பதிப்பைச் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் அதுவே எச்சரிக்கும். அட்டை எதுவும் அருகில் இல்லாமல் ஆன்டெனா மின்னழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

இனி ஒரு மைஃபேர் கிளாசிக் 1கே அட்டையை வையுங்கள். 16 செக்டார், செக்டாருக்கு 4 பிளாக், பிளாக்குக்கு 16 பைட். படிப்பதில் ஆபத்தில்லை, எழுதுவதில் உண்டு. ஒவ்வொரு செக்டாரின் கடைசி பிளாக்கில் இரண்டு சாவிகளும் அவற்றுக்கு நடுவே அனுமதி பிட்டுகளும் இருக்கின்றன. அந்த பிட்டுகள் நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை பதிவாகியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபடி எழுதிவிட்டால் சில்லு அந்த செக்டாரை நிரந்தரமாகப் பூட்டிவிடும், எந்தச் சாவிக்கும் திறக்காது. எனவே எழுதுமுன் அட்டை முழுவதையும் கோப்பாகச் சேமித்துவிட்டு, எழுதும் முதல் பயிற்சியை செக்டாரின் நடு பிளாக்குகளில் மட்டும் செய்யுங்கள்.

இந்த அட்டையின் கிரிப்டோ1 குறியாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இன்றுவரை பல கதவுகள் அதை நம்பியே நிற்கின்றன. உங்களுக்குச் சொந்தமான அட்டையிலும், உரியவர் எழுத்தில் அனுமதித்த அட்டையிலும் மட்டுமே இக்கருவியைப் பயன்படுத்துங்கள்.