வைப்பாற்று மட்டிகள்

விருதுநகர்ச் சீமையார் ஆறென்றவுடன் நினைப்பது மணலையே. கௌசிகா நதியும் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பன. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் நீர் தங்கும் மடுக்களும் கண்மாய்களுமே இந்நாட்டு நீர்வாழ் ஜந்துக்களுக்குப் புகலிடம். அவற்றுள் எவரும் பொருட்படுத்தாத ஒன்று, சேற்றில் பாதி புதைந்து வாழும் நன்னீர் மட்டி.

லாமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1819இல் பெயரிட்ட லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்னும் இனம் இந்தியாவில் பரந்து காணப்படுவது. புவனேசுவரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் முத்து விளைவிக்கக் கொள்ளும் இனங்களுள் இதுவும் ஒன்று. இது ஒரு துவாரத்தால் நீரை உள்வாங்கிச் செவுள்களில் வடித்து, நுண்ணிய பாசிகளை உண்டு, எஞ்சிய நீரை மற்றொரு துவாரத்தால் வெளிவிடும். ஆதலின் நீரில் உள்ள நஞ்சும் அதன் உடலிற் புகும். நீர் கெடின் மீன் ஓடிப் பிழைக்கும். மட்டிக்குக் கால் ஒன்று உண்டெனினும் அதன் நடை விரற்கடையளவே!

சிவகாசியை அண்டிய நாட்டில் நீர் மாசு என்றவுடன் பட்டாசையே குற்றஞ்சாட்டுவது எளிது. அஃது ஆதாரமற்றதுமன்று. அப்பகுதி நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்னும் உப்புக் கலந்திருத்தலை 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. பட்டாசில் பேரியம் உப்புக்களைப் பயன்படுத்தலாகாதென உச்ச நீதிமன்றம் 2018இல் விதித்தது. ஆயினும் மட்டியின் நோக்கில் இவற்றினும் கொடியது ஊர்ச் சாக்கடையே என்பது எம் கருத்து. விருதுநகர்க் கழிவுநீரைச் சுமந்த கௌசிகா நதி குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்திற் புகுவதைப்பற்றி ஊரார் பன்முறை முறையிட்டுளர். சாக்கடை நீர் அழுகுங்கால் பிராணவாயு குன்றும், அம்மோனியா பெருகும். இளமட்டிகள் அம்மோனியாவைச் சிறிதும் பொறுக்கமாட்டா. இதனை உணர்ந்தே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையார் நன்னீரில் அம்மோனியா இருக்கத்தக்க அளவைப்பற்றி 1999இல் வகுத்த விதியை 2013இல் மேலும் கடுமையாக்கினர்.

தாய்மட்டி ஈனும் குஞ்சுகள் தாமே பிழைக்கமாட்டா. மீனின் செவுளிலோ துடுப்பிலோ பற்றிக்கொண்டு சில நாள் ஒட்டுண்ணிகளாய் வாழ்ந்து, உருமாறிய பின்னரே மணலில் வீழ்ந்து தனிவாழ்வு தொடங்கும். மீன் மடிந்தால் மட்டிக்குச் சந்ததியில்லை. மணலை அள்ளிவிட்டாலோ வீழ்வதற்கு இடமுமில்லை. முதிய மட்டிகளோ ஓட்டை இறுக மூடிக்கொண்டு தீய நீரைச் சில காலம் தாங்கும். பல ஆண்டு உயிர்வாழவுங் கூடும். ஆதலின் மடுவிற் பெரிய மட்டிகளைக் கண்டு, ‘குறைவொன்றுமில்லை’ என்று நாம் ஏமாறுகிறோம். அங்கே கிழவர் மட்டும் குடியிருக்கும் ஊர்போலக் குலம் முடிந்துகொண்டிருக்கலாம்.

வைப்பாறு சிப்பிகுளத்தருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கிறது. வெள்ளம் தளரும் கழிமுகத்தில் மேல்நாட்டுச் சேறும், அதிற் படிந்த உலோகங்களும் தங்கிவிடும். அங்குள்ளவை உவர்நீர்ச் சிப்பிகள். இனம் வேறாயினும் நீரை வடித்துண்ணும் தொழில் ஒன்றே. சிப்பியினம் தன் உடலில் மாசைச் சேர்த்துவைக்கும் இவ்வியல்பைக் கொண்டே கடல்நீரின் நிலையை அறியலாமென்று கோல்ட்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1975இல் கூறினார்.

நம் மாணவர்க்கு அத்தகைய கருவிகள் வேண்டுவதில்லை. விடுமுறையில் இருக்கன்குடி செல்வோர், அர்ச்சுனாவும் வைப்பாறும் கூடுமிடத்து மணலைக் கையளவு கிளறிப் பார்க்கலாம். உள்ளங்கையளவு ஓடுகளைப் பொறுக்குவதோடு நில்லாது, நகத்தளவு இளமட்டி உயிரோடு அகப்படுகிறதா என்று தேடி, எண்ணிக் குறித்துக்கொண்டு, மீண்டும் அவ்விடத்திலேயே புதைத்துவிடல் வேண்டும்.