நாசரேத் என்னும் ஊர்ப்பெயர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் புகைவண்டி, நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியைக் கடந்தவுடன் நாசரேத் என்னும் நிலையத்தை அடைகின்றது. அயலூரார் இப்பெயரைக் கேட்டு வியப்புறுதல் இயல்பே. கலிலேயாவில் இயேசுபெருமான் வளர்ந்த ஊரின் பெயர் தாமிரவருணி நாட்டிற்கு வந்தது எங்ஙனம்?

இப்பெயர் வேறு நாடுகளிலும் வழங்குகின்றது. அமெரிக்காவில், பென்சில்வேனியாவிலுள்ள நாசரேத் 1740இல் மொரேவியத் திருச்சபையார் தொடங்கிய குடியிருப்பு. மறு ஆண்டே அதனருகில் பெத்லகேம் என்னும் ஊரையும் அவர்கள் அமைத்தனர். போர்த்துக்கல் நாட்டுக் கடற்கரையில் நசரே என்னும் மீனவர் ஊர் உளது. கலிலேய நாசரேத்திலிருந்து கொணரப்பட்டதாகச் சொல்லப்படும் கன்னி மரியாளின் திருவுருவால் அதற்கு அப்பெயர் வாய்த்தது என்பர். எத்தியோப்பியாவில் அடாமா நகருக்குப் பேரரசர் ஹைலே செலாசி இட்ட நாசரேத் என்னும் பெயரோ நிலைபெறவில்லை. 2000ஆம் ஆண்டில் அடாமா என்னும் பழம்பெயரே அரசாங்கப் பெயராக மீண்டது.

இனி நம் நாட்டு நாசரேத்தைக் காண்போம். அதற்குக் கிழக்கே, சில கல் தொலைவில், முத்துக்குளித்துறை கிடக்கின்றது. ஆங்குப் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றது 1536ஐ ஒட்டிய ஆண்டுகளில். சவேரியார் அவர்களிடை வந்தது 1542இல். உள்நாட்டுப் பனங்காட்டூர்களில் சீர்திருத்தச் சபைகள் வேரூன்றியதோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். அங்ஙனமாயின், மூத்த கடற்கரையில் தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பாறு என்னும் பழம்பெயர்களே நிலைத்திருக்க, இளைய உள்நாட்டில் மறைநூற்பெயர் புகுந்ததேன்?

பரதவர் குடிபெயர்ந்திலர் என்பதே இதற்கு விடையென யாம் கருதுகின்றோம். வலையும் தோணியும் முத்துச்சலாபமும் அவர்களைத் தத்தம் துறைகளிலேயே நிறுத்தின. ஆதலின் ஊர்ப்பெயர் மாறவில்லை, ஆட்பெயரே மாறிற்று. பர்னாந்து, ரொட்ரிகோ, வாஸ் என்னும் போர்த்துக்கீசியப் பெயர்களைத் தூத்துக்குடித் தெருக்களில் இன்றும் கேட்கலாம்.

உள்நாட்டிலோ புதுச் சமயம் புகுந்தோர் பலர் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்டு, வேறு நிலம் தேடிக் குடியேற நேர்ந்தது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்பவர் முயற்சியால் எழுந்த அத்தகைய குடியிருப்பு முதலூர் எனப் பெயர் பெற்றது. (இதனினும் எளிய பெயர் யாதுளது!) புதிய ஊருக்குப் புதிய பெயர் வேண்டுமன்றோ? மெய்ஞ்ஞானபுரம் சமயக் கருத்தால் அமைந்த பெயர். சாயர்புரமும் டோனாவூரும் உதவிசெய்த ஐரோப்பியரை நினைவூட்டுவன. நாசரேத் மறைநூலிலிருந்து எடுத்தது.

1876இல் இங்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ் ஐயர், 1908இல் மறையும்வரை உழைத்து இச்சிற்றூரைக் கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊராக்கினார். அவர் பெயரால் இன்று ஒரு கல்லூரியும் நடைபெறுகின்றது. அது நிற்கும் இடத்தின் பெயரோ பிள்ளையன்மனை.