உங்களுக்குத் தெரியுமா? அடிக்கடி எடுப்பதும் அரிதாக எடுப்பதும்

விட்பியில் நம்மவர் வீடுகளில் பாலும் தயிரும் குசினி ஃபிரிட்ஜில் இருக்கும். மொத்தமாக வாங்கிய மீனும் ஆட்டிறைச்சியும் பேஸ்மென்ட் ஃப்ரீசருக்குப் போகும். பனி போனதும் விண்டர் டயர்கள் கராஜ் மூலையில் ஏறும். கணினித் தரவுக்கும் இதே கணக்குத்தான்: எத்தனை தரம் எடுக்கப்போகிறோம்?

இதற்கு 1987இல் ஒரு விதியே வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது தேவைப்படும் தரவை மெமரியில் வைப்பதே மலிவு, மற்றதை ஹார்ட் டிஸ்கில் விடலாம் என்று ஜிம் கிரேயும் ஜான்ஃபிராங்கோ புட்சோலுவும் அன்றைய விலைகளை வைத்துக் கணக்கிட்டார்கள்.

ஒரேயொரு தரம் மட்டும் வாசிப்பதற்கென்றே உருவான தரவும் உண்டு. அந்தக் கதை விட்பியிலேயே இருக்கிறது. ஒஷாவா எல்லையோரம், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இன்ட்ரெபிட் பூங்கா இருக்கிறதல்லவா? 1941 டிசம்பர் 6 அன்று ‘கேம்ப் எக்ஸ்’ உளவுப் பயிற்சி முகாம் தொடங்கிய இடம் அது. அங்கே ‘ஹைட்ரா’ என்ற தொலைத்தொடர்பு நிலையத்தை அமைத்த கனேடியப் பொறியியலாளர் பெஞ்சமின் டிஃபாரஸ்ட் பெய்லி, ‘ரொக்கெக்ஸ்’ என்ற மறையாக்க இயந்திரத்தையும் உருவாக்கினார். அதன் சாவி துளையிட்ட காகித நாடாவில் இருக்கும். அனுப்புகிறவரிடம் ஒன்று, பெறுகிறவரிடம் அதே மாதிரி இன்னொன்று. ஒருமுறை ஓடியதும் அழித்துவிட வேண்டும். அதே நாடாவை மறுபடி ஓட்டினால் இரகசியம் கசியும். அப்படிப்பட்ட தரவுக்குக் காகிதத்தைவிடப் பொருத்தமான பொருள் எது? எரிப்பதும் இலகு.

காந்த நாடாவின் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் பலர். ஆனால் 2011 பெப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் மறைந்தன. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை விடவில்லை. கணினியோடு இணையாமல் இருந்த நாடாக்கள்தான் தப்பின. அவற்றிலிருந்தே கூகிள் அஞ்சல்களை மீட்டது. எல்டிஓ-9 என்ற வகைக் காந்த நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். வேண்டிய இடத்துக்குச் சுற்றிப் போக நேரமெடுக்கும், ஆனால் ஆண்டுக்கொருமுறை எடுப்பதற்கு அது ஒரு குறையா?

எஸ்எஸ்டியை லாச்சிக்குள் போட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். அது மின்னூட்டமாகவே தரவைப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரமே காணாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெக்கையில் இன்னும் விரைவாக. தினம் வேலை செய்ய அதைப்போல வேறொன்றில்லை. அம்மம்மாவின் குரற்பதிவை ஆண்டுக்கணக்கில் வைக்க அது மட்டும் போதாது.

அரிதாக எடுக்கப்படுவது அருமை குறைந்ததல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவேயில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் ஈழத்து எழுத்துகளை இன்று யாரும் எங்கிருந்தும் திறக்கும்படி வைத்திருக்கிறது. அம்மம்மாவின் குரலுக்கும் ஒரு பிரதியை மொன்றியலில் இருக்கும் சித்தி வீட்டில் கொடுத்து வையுங்கள்.